பொருள்: 'கிரிஸ்பிங்' – விறைப்பூட்டலா, நீரேற்றமா?

வணக்கம்.

வாடத் தொடங்கிய இலைக்காய்களைக் கடைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் மீண்டும் நிமிர வைக்கும் முறைக்குக் 'கிரிஸ்பிங்' என்று பெயர். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு 'மொறுமொறுப்பாக்கல்' என்று இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும். ஈரம் போனால் வருவது மொறுமொறுப்பு. இங்கே ஏறுவதே ஈரம்தான்.

செய்முறையைப் பாருங்கள். லெட்யூஸ், செலரி, கொத்தமல்லி ஆகியவற்றின் தண்டடியை மெல்லிய வில்லையாக அரிந்துவிடுவார்கள். பழைய வெட்டுவாய் காய்ந்து பழுப்பேறி அடைத்திருக்கும். அதை நீக்காவிட்டால் தண்ணீர் ஏறாது. பிறகு வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் அமிழ்த்தி, நன்றாக வடியவிட்டு, 0–2 டிகிரி செல்சியஸில், 95 சதவீத ஈரப்பதத்தில் சில மணி நேரம் வைப்பார்கள். செல்லுக்குள் புகுந்த நீர் சுவரை அழுத்த, இலை நிமிரும். தாவரவியலில் இதை 'விறைப்பழுத்தம்' என்கிறோம். ஆகவே 'விறைப்பூட்டல்' என முன்மொழிகிறேன்.

———

> 'விறைப்பூட்டல்' என முன்மொழிகிறேன்

விறைப்பு என்றால் குளிரில் விறைத்துப்போவதுதானே முதலில் தோன்றும்? உறைந்த கீரையையும் அப்படித்தான் சொல்வோம். 'நீரேற்றம்' போதாதா? கடை அடுக்கில் குழாய்கள் பூந்தூறலாய்த் தெளிப்பதையும் அதிலேயே அடக்கலாம்.

———

> அதிலேயே அடக்கலாம்

அடக்கக் கூடாது என்பதே என் கருத்து. தூறல் நீரிழப்பைக் குறைக்கும். வாடியதை மீட்க அதனால் பெரிதாக ஆகாது. மீட்பது ஊறவைத்தலும் குளிர்ச்சியும் சேர்ந்துதான். மேலும் 'நீரேற்று நிலையம்' புழக்கத்தில் இருப்பதால் நீரேற்றம் என்றதும் மோட்டார்தான் நினைவுக்கு வரும்.

உறைந்த கீரை பற்றிய ஐயம் நியாயமானது. ஆனால் பனிக்கட்டி செல்சவ்வைக் கிழித்துவிடுவதால் அது உருகியதும் துவண்டுவிடும், எத்தனை நேரம் ஊறினாலும் நிமிராது. மஞ்சளாகிப்போன இலையும் அப்படியே. எனவே விளக்கத்தில் 'செல்சவ்வு சிதையாத' என்ற அடைமொழியைச் சேர்த்தால் குழப்பம் தீரும்.

நறுக்கிய கேரட்டையும் செலரியையும் உணவகங்களில் பனிநீரில் போடுவதும் விறைப்பூட்டலே. அங்கே வெட்டுவாய் புதிது என்பதால் அடி அரியும் வேலை இல்லை. எடுத்தபின் சுழற்றி உலர்த்துவதை விட்டுவிட்டால் மேலே தங்கும் நீர் கொழகொழப்பில் கொண்டுபோய் விடும்.

தக்காளி இந்தச் சொல்லுக்குள் வராது. அதன் சதையைவிட நீர் குளிர்ந்திருந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காம்புத் தழும்பு வழியாகக் கிருமியோடு நீரை இழுத்துக்கொள்ளும். அதனால் கழுவும் நீர் 5 டிகிரியாவது கூடுதல் சூட்டில் இருக்க வேண்டும். அது 'கழுவல்' பதிவில் இருக்கட்டும்.

———

ஏற்கிறேன். பதிவு இப்படி: விறைப்பூட்டல் (பெ.) – செல்சவ்வு சிதையாத, வாடிய இலை, தண்டு அல்லது வேரை நீரில் ஊறவைத்துக் குளிர்வித்து விறைப்பழுத்தத்தை மீட்டல். வினை: விறைப்பூட்டு. எதிர்: வாடல். தூறலுக்கு 'நீர்த்தூவல்' எனத் தனிப்பதிவு போடுகிறேன்.