காலத்தில் பின்னோக்கிப் பார்த்தாலும் என்ட்ரோபி அதிகரிக்க வேண்டாமா?

வணக்கம். இரண்டு வாரமாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன், யாராவது கைகொடுங்கள்.

தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டால் முதலில் நூல் நூலாக இறங்கும், அப்புறம் பரவி முழுதும் வெளிர் நீலமாகிவிடும். திரும்பச் சொட்டாகச் சேர்ந்து பார்த்ததில்லை. என்ட்ரோபி என்பது வெளியே ஒரே மாதிரி தெரியும் ஒரு நிலைக்கு உள்ளே எத்தனை மூலக்கூறு அமைப்புகள் சாத்தியம் என்பதன் அளவு; கலந்த நிலைகளின் எண்ணிக்கை மிக மிக அதிகம், அதனால்தான் அது கூடுகிறது என்ற இயற்பியலாளர் போல்ட்ஸ்மானின் விளக்கம் புரிகிறது. சரி.

ஆனால் மூலக்கூறுகள் ஓடும் நியூட்டன் விதிகளுக்குக் காலத்தில் முன்னும் பின்னும் ஒன்றுதான். 1876-இல் லோஷ்மிட் என்ற இயற்பியலாளர் எழுப்பிய ஆட்சேபணையும் இதுவே: எல்லாத் திசைவேகங்களையும் அப்படியே திருப்பிவிட்டால் மை மறுபடி சொட்டாக வேண்டும். இன்னும் மோசம், பாதி கலந்த மையை இப்போது பார்த்தால், அதே எண்ணிக்கைக் கணக்கு ‘சற்று முன்பு இதைவிட அதிகமாகக் கலந்திருந்திருக்கும்’ என்கிறது. ஆனால் சற்று முன்பு அது சொட்டாகத்தான் இருந்தது, விட்டதே நான்தானே!

பிரபஞ்சம் மிகக் குறைந்த என்ட்ரோபியுடன் தொடங்கியது என்று வைத்துக்கொண்டால் தீரும் என்கிறார்கள். அது விளக்கமா, இல்லை கேள்வியை ஆரம்பத்துக்குத் தள்ளிவிடுவதா? அதோடு, பெருவெடிப்புக்குப் பின் வாயு கிட்டத்தட்ட ஒரே சீராகப் பரவியிருந்ததே, மைக் கணக்கில் அது உச்ச என்ட்ரோபி அல்லவா? ஈர்ப்புவிசையைச் சேர்த்தால் அதே சீரான நிலை குறைந்த என்ட்ரோபி ஆகிவிடும் என்கிறார்கள்; ஈர்ப்புவிசை இதை எப்படித் தலைகீழாக்குகிறது என்று இளங்கலை அளவுக் கணிதத்தில் யாராவது சொல்ல முடியுமா?