பாதுகாப்பு நிறுவனத்தின் டிஜிட்டல் வரவுப்பதிவு: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் இயங்கும் பாதுகாப்புச் சேவை நிறுவனமொன்றின் ஆளணிப் பிரிவில் பணிபுரிகிறேன். கையெழுத்துப் புத்தகத்துக்குப் பதிலாகக் கைபேசிச் செயலி வந்த பின்னர், சுன்னாகத்திலோ பருத்தித்துறையிலோ கடமைக்கு ஆள் வராவிட்டால் உடனே தெரிந்துவிடுகிறது. அது பெரிய ஆறுதல்தான்.

சிக்கல் இரவுக் கடமையில்தான் இருக்கிறது. மாலை 6 மணிக்கு வந்து காலை 6 மணிக்குச் செல்லும் காவலாளியின் நேரத்தைச் செயலி நள்ளிரவில் வெட்டி இரு நாட்களாகப் பதிவதுடன், காலையில் அவர் வெளியேறுவதைப் புதிய வரவாகவும் எடுத்துக்கொள்கிறது. மாற்று ஆள் வராமல் அவர் மேலும் நின்றால் கணக்கு முற்றாகக் குழம்பிவிடுகிறது. ஊழியர் சேமலாப நிதிக்கான ஊழியரின் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு நிறுவனம் செலுத்தும் 3 வீதமும் மேலதிக நேரக் கொடுப்பனவைத் தவிர்த்தே கணிக்கப்படுவதால், எது சம்பளம், எது மேலதிக நேரம் என்பது பிழைத்தால் பங்களிப்பும் பிழைத்துவிடும்.

இரவுக் கடமையை நள்ளிரவில் பிரிக்காமல் ஒரே கடமை நேரமாகக் கணிக்கும், தமிழிலும் இயங்கும் மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? பழைய பதிவேட்டையும் சமாந்தரமாகப் பேணுகிறீர்களா? வயது முதிர்ந்த காவலாளிகளுக்கு எவ்வாறு பழக்கினீர்கள் என்பதையும் அறியத் தந்தால் பேருதவியாக இருக்கும்.