பைகிராப்ட்ஸ் ரோட்டில் நடந்தே வளர்ந்த கதை

எண்பதுகளில் திருவல்லிக்கேணி பெரிய தெருவை ஒட்டி ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். பஸ் ஏறுவது சொந்த ஊருக்குக் கிளம்பும்போது எழும்பூர் போகத்தான். மற்றபடி பள்ளிக்கூடம், பார்த்தசாரதி கோயில், ஸ்டார் தியேட்டர், ஜாம்பஜார் மார்க்கெட் எல்லாவற்றுக்கும் நடைதான். பைகிராப்ட்ஸ் ரோட்டில் கிழக்கே நடந்தால் நேரே மெரினா. (பாரதி சாலை என்று பெயர் மாறியும் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.)

பீச்சுக்குப் போகும் வழியில் பிளாட்பாரத்துப் பழைய புத்தகக் கடைகள். அப்பா அங்கே குனிந்தாரென்றால் போச்சு, கடலைப் பார்ப்பதற்குள் இருட்டிவிடும். தங்கை அழ ஆரம்பிப்பாள். சமாதானத்துக்கு, கையில் காசிருந்தால், ரத்னா கபே. இட்லி மூழ்கும்வரை சாம்பார் ஊற்றுவார்கள், கேட்டால் இன்னும் ஊற்றுவார்கள்.

மறக்கவே முடியாதது 1986 செப்டம்பர் 22. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட், கடைசி நாள். இந்தியா ஜெயிக்க 348 ரன் வேண்டும். பள்ளி விட்டு வரும்போது டீக்கடை ரேடியோவைச் சுற்றி ரோடு அடைக்கக் கூட்டம். 347இல் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ., ஆட்டம் டை. அதோடு முடிந்திருந்தால் எல்லா ஊரிலும் நடந்த கதைதான். எங்களுக்கு மட்டும், மேட்ச் பார்த்தவர்களே கொஞ்ச நேரத்தில் நடந்து வந்து சேர்ந்தார்கள். ‘பேட்ல பட்டுதுப்பா’ என்று ஒருவர், ‘நீ எந்த ஸ்டாண்டுல இருந்த?’ என்று இன்னொருவர். ராத்திரிச் சாப்பாடு வரை திண்ணைக்குத் திண்ணை அம்பயருக்கு விசாரணை நடந்தது. எல்லோரும் பைக்கிலும் காரிலும் போயிருந்தால் அந்தச் சண்டையில் ஒரு வார்த்தைகூட எங்கள் காதில் விழுந்திருக்காது.

* * *

அண்ணா, நீங்கள் எழுதிய கதையைப் படித்தேன். நான் ஜாம்பஜார்ப் பக்கம் வளர்ந்தவள். அதே ரோடுகள்தான், ஆனால் பெண்பிள்ளைகளின் கணக்கு வேறு. எந்தத் தெருவில் மேன்ஷன் (ஆண்கள் வாடகைக்குத் தங்கும் விடுதி) இருக்கிறது என்று பார்த்துச் சுற்றிப் போவோம். வேலை தேடி வெளியூரிலிருந்து வந்த பாவப்பட்ட பையன்கள்தான் பெரும்பாலும், அது இப்போது புரிகிறது. அப்போது மாடியில் லுங்கியோடு வரிசையாக நிற்பவர்களைப் பார்த்தாலே தலை தானாகக் குனிந்துவிடும். சரி, தெரிந்த தெருவாகப் போனால் இன்னொரு தொல்லை: யாரோடு நின்று பேசினேன் என்ற சேதி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

ரமலான் மாதம் மட்டும் விடுதலை. சாயங்காலம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு சிநேகிதியோடு வாலாஜா பள்ளிவாசல் பக்கம் நோன்புக் கஞ்சி வாங்கப் போவேன். ஆற்காட்டு நவாப் குடும்பம் 1795இல் கட்டியது, எவ்வளவு பெரிய முற்றம்! கஞ்சி வாங்கப் போகிறேன் என்றால் எங்கள் பாட்டிகூட மறுபேச்சு பேசமாட்டார். வரும் வழியில் பாதிக் கஞ்சி காலி. அதை அவர் கேட்டதுமில்லை.

சமீபத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். நடைபாதை முழுக்க பைக், ரோட்டில் இறங்கித்தான் நடக்க முடிந்தது. பீச்சுக்கு ஆட்டோ புக் பண்ணட்டுமா என்றாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. ஆட்டோவிலேயே போனோம்.

ஐஸ் ஹவுஸ் பக்கம் வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அந்தப் பக்கம் என்னைத் தனியாக விட்டதே இல்லை.