மோட்டாரின் கோளாறா, டிரைவின் கோளாறா? டயோடு சோதனையில் குறை எதுவும் தெரியவில்லை

கேள்வி:
வணக்கம். எங்கள் நூற்பாலையில் காற்று விசிறி ஒன்றை ஓட்டும் 15 கிலோவாட், 415 வோல்ட் இண்டக்‌ஷன் மோட்டார், விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) வழியாக இயங்குகிறது. சில நாட்களாகக் குறைந்த வேகத்தில் மோட்டார் உதறுகிறது; வேகத்தைக் கூட்டினால் ஓவர்கரண்ட் என்று டிரிப் ஆகிவிடுகிறது. கேபிளை டிரைவிலிருந்து கழற்றி மெக்கர் வைத்துப் பார்த்ததில் இன்சுலேஷன் நன்றாகவே இருக்கிறது. டிரைவின் சப்ளையைத் துண்டித்து, டிசி பஸ்ஸின் (டிரைவுக்குள் ஏசியை மாற்றிக் கிடைக்கும் டிசி இணைப்பின்) பிளஸ், மைனஸ் முனைகளுக்கும் மோட்டாருக்குப் போகும் யு, வி, டபிள்யூ முனைகளுக்கும் இடையே மல்டிமீட்டரின் டயோடு நிலையில் அளந்தபோது, ஆறு அளவுகளும் 0.4 வோல்ட்டை ஒட்டியே வந்தன. பவர் மாட்யூலில் குறையில்லை, மோட்டாரை ரீவைண்டிங் செய்துவிடுங்கள் என்கிறார் பழுதுபார்க்க வந்தவர். அதை ஏற்கலாமா?

பதில் 1:
அவசரப்பட்டு ரீவைண்டிங்குக்கு அனுப்ப வேண்டாம். அந்தச் சோதனையில் நீங்கள் அளந்தது ஐஜிபிடிகளுக்கு (டிசியை மோட்டாருக்கு ஆன்-ஆஃப் செய்து அனுப்பும் டிரான்சிஸ்டர்கள்; ஒவ்வொரு ஃபேஸுக்கும் மேல் ஒன்று, கீழ் ஒன்று) இணையாக உள்ள டயோடுகளைத்தான். ஐஜிபிடி ஷார்ட் ஆகியிருந்தால் அது காட்டிக்கொடுக்கும். கேட் பல்ஸ் (ஐஜிபிடியை ‘ஆன்’ செய்யும் சிக்னல்) வராமலோ உள்ளிணைப்பு விட்டுப்போயோ ஐஜிபிடி ‘ஆன்’ ஆகாமல் கிடந்தால், டயோடு மட்டும் நல்ல அளவையே காட்டிக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு ஐஜிபிடி திறந்தே கிடந்தால், அந்த ஃபேஸின் மின்னோட்டத்தில் ஒரு பக்கத்து அரைச்சுற்று ஏறக்குறைய காணாமல் போகும். அதனால் மூன்று ஃபேஸ்களிலும் டிசி கலந்து, மோட்டாரின் இரும்பு ஒரு பக்கமாகச் செறிவடைந்து, டார்க் மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை துடிக்கும். நீங்கள் சொல்லும் உதறலும் டிரிப்பும் இதற்குப் பொருந்துகின்றன. சாதாரண ஏசி கிளாம்ப் மீட்டருக்கு இந்த டிசி தெரியாது. டிசி அளக்கும் ஹால் வகைக் கிளாம்ப் கொண்டு, குறைந்த வேகத்தில் மூன்று ஃபேஸ்களையும் அளந்து பாருங்கள். மேல் ஐஜிபிடி இறந்த ஃபேஸில் சராசரி மைனஸாகவும் மற்ற இரண்டில் பிளஸாகவும் வரும்; கீழ் ஐஜிபிடி என்றால் நேர்மாறு.

பிறகு மோட்டார் கேபிள்கள் மூன்றையும் ஓர் இடம் தள்ளி மாட்டுங்கள். இரண்டை மட்டும் மாற்றினால் விசிறி எதிர்த்திசையில் சுற்றும். கோளாறு டிரைவின் அதே முனையிலேயே நின்றால் குற்றம் டிரைவினுடையது. கேபிளோடு நகர்ந்தால் மோட்டாரைச் சந்தேகிக்கலாம்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. டிசி தெரிந்ததுமே ஐஜிபிடி என்று முடிவுகட்ட முடியாது. வெக்டர் கண்ட்ரோலில் (மோட்டாரின் மின்னோட்டத்தை அளந்து அதற்கேற்பத் திருத்தும் முறையில்) ஓடும் டிரைவில் மின்னோட்ட சென்சாரின் பூஜ்ஜியம் விலகியிருந்தால், கண்ட்ரோலர் அந்தப் பொய்யான அளவைச் சரிசெய்வதாக எண்ணி, தானே மோட்டாருக்குள் டிசியைச் செலுத்தும். உதறலும் அதேபோல் சுற்றுக்கு ஒருமுறைதான் வரும். கேபிள் மாற்றும் சோதனையும் இரண்டையும் பிரித்துக் காட்டாது, ஏனெனில் இரண்டுமே டிரைவுக்குள் இருப்பவை. ஆகவே டிரைவை வி/எஃப் நிலைக்கு (அந்த மின்னோட்டத் திருத்தம் இல்லாமல் வோல்ட்டேஜையும் அதிர்வெண்ணையும் ஒரே விகிதத்தில் தரும் முறைக்கு) மாற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். டிசி மறைந்தால் சென்சார். மறையாவிட்டால் ஐஜிபிடி அல்லது அதன் கேட் சர்க்யூட்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. யு ஃபேஸில் மைனஸ் 6 ஆம்பியர், மற்ற இரண்டிலும் பிளஸ் 3 ஆம்பியர் அளவில் வருகிறது. கேபிள்களை மாற்றிய பிறகும் மைனஸ் யு முனையிலேயே நிற்கிறது. வி/எஃப் நிலையிலும் மறையவில்லை. மாட்யூலை மாற்றிவிடலாமா?

பதில் 2:
யு ஃபேஸின் மேல் ஐஜிபிடி என்பது உறுதியாகிவிட்டது. ஆனால் மாட்யூலுக்குப் பணம் கட்டும் முன் அதன் கேட் சப்ளையை அளந்துவிடுங்கள். கேட் சப்ளையில் இருக்கும் சிறிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் சூட்டில் காய்ந்துபோவது பழைய டிரைவுகளில் அடிக்கடி நடப்பதுதான். சப்ளை இறங்கினால், குறைமின்னழுத்தப் பாதுகாப்புள்ள கேட் டிரைவர் ஐசி பல்ஸை நிறுத்திவிடும். எளிய வகை ஐசி என்றால் அதைக் கண்ட்ரோலருக்குத் தெரிவிக்கவும் செய்யாது. உங்கள் டிஸ்பிளேயில் கேட் குறித்த எச்சரிக்கை எதுவும் வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

மேல் ஐஜிபிடியின் எமிட்டர் ஏறக்குறைய 590 வோல்ட் டிசி பஸ்ஸோடு சேர்ந்து ஏறி இறங்குவது. எர்த் ஆன ஆசிலோஸ்கோப்பின் கிளிப்பை அங்கே மாட்டினால் வெடித்துவிடும். டிஃபரன்ஷியல் புரோப் (எர்த்தோடு சேராமல் இரு புள்ளிகளுக்கு இடையே அளப்பது) இல்லையென்றால், டிசி பஸ்ஸை இணைக்காமல் கண்ட்ரோல் போர்டுக்கு மட்டும் தனிச் சப்ளை கொடுக்க வழியுள்ளதா என்று பாருங்கள். சப்ளையைத் துண்டித்தபின் டிரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம் முழுவதும் காத்திருந்து, பஸ் வோல்ட்டேஜை மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். டிரைவில் சார்ஜ் இருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது என்பதை நம்ப வேண்டாம்.

கேட்டவர்:
எங்கள் டிரைவில் 24 வோல்ட் தனிச் சப்ளை முனை இருக்கிறது; ஆனால் கேட் சப்ளைக்கும் அதிலிருந்தே மின்சாரம் போகிறதா என்பது சர்க்யூட்டைப் பார்த்தால்தான் தெரியும். போர்டை நாளை ஷிஃப்ட் முடிந்ததும் கழற்றி, மற்ற இரு மேல் ஐஜிபிடிகளின் கேட் சப்ளையோடு ஒப்பிட்டு அளவுகளைப் பதிவிடுகிறேன்.