எல்.ஏ. நுவார்: துப்பறியும் விளையாட்டாக அது எவ்வளவு தூரம் தேறுகிறது?

பிடோக் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வட்டார நூலகத்தில் கூடும் வாசகர் வட்டம் அடுத்த சந்திப்பில் துப்பறியும் கதைகளை எடுத்துக்கொள்ள இருக்கிறது. வட்டத்தில் உள்ள இளையர்கள் சிலர், புத்தகங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு வீடியோ கேமையும் சேர்த்துப் பேசலாம் என்று கேட்டு, 2011இல் வெளிவந்த எல்.ஏ. நுவாரைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கான பதிப்பை வாங்கி, வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் பெருவிரைவு ரயிலில் விளையாடி வருகிறேன். போக்குவரத்துப் பிரிவு வழக்குகள் முடிந்து, இப்போதுதான் கொலைப் பிரிவுக்குள் நுழைந்திருக்கிறேன்.

1947ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் என்னை இழுத்துக்கொண்டுவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் விசாரணைக் கட்டங்கள் என்னைத் தொல்லைப்படுத்துகின்றன. சாட்சி எதையோ மறைக்கிறார் என்று தெளிவாகத் தெரிகிறது; நான் மென்மையாகக் கேட்க நினைத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், நம் கதாநாயகரான துப்பறிவாளர் கோல் ஃபெல்ப்ஸ் மேசையைத் தட்டாத குறையாகச் சீறுகிறார். கையில் இருக்கும் இரண்டு தடயங்களும் பொருந்துவதுபோல் இருந்தாலும் ஒன்றைத்தான் விளையாட்டு ஏற்றுக்கொள்கிறது. இது விளையாட்டின் குறையா, அதற்கென்று ஒரு வாசிப்பு முறை இருக்கிறதா? துப்பறியும் கதை என்ற அளவில் இதன் பலம் எது, பலவீனம் எது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் சந்திப்பை நடத்த உதவியாக இருக்கும். இறுதி முடிவை மட்டும் தயவுசெய்து வெளிப்படுத்த வேண்டாம்.

---

யீஷூன் கணேசு எழுதியது:

வணக்கம் சகோதரி. நீங்கள் சொல்லும் தொல்லை உண்மையான குறைதான். ஆனால் அந்தக் குறை பிறந்த இடமும் இந்த விளையாட்டின் பெரிய பலம் பிறந்த இடமும் ஒன்றே என்பதால் பலத்திலிருந்தே தொடங்குகிறேன்.

சிட்னியில் இயங்கிய டீம் போண்டை என்ற நிறுவனம் இதை உருவாக்க, ராக்ஸ்டார் கேம்ஸ் வெளியிட்டது. மற்ற விளையாட்டுகளில் முக அசைவுகளைக் கணினிக் கலைஞர்கள் அமைப்பார்கள். இங்கே மோஷன்ஸ்கேன் என்ற முறையில் நடிகரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, 32 கேமராக்களால் சுற்றிலுமிருந்து அவர் முகத்தைப் படம்பிடித்து, அந்த முகத்தையே கதாபாத்திரத்தின் மேல் ஏற்றினார்கள். உதட்டோரம் துடிப்பதும், எச்சில் விழுங்குவதும், பதில் சொல்லி முடித்த பிறகு கண் ஒரு நொடி விலகி மீள்வதும் நடிகர் செய்தவையே. ஒரு சாட்சியின் முகத்தை உற்றுப் பார்ப்பதையே விளையாட்டின் மையச் செயலாக ஆக்கியது அன்றைக்குப் பெரிய துணிச்சல். உடல் அசைவுகளைத் தனியாகப் பதிவு செய்ததால் சில இடங்களில் உயிருள்ள முகம் மரக்கட்டை உடலின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். அது சிறிய குறை, பழகிவிடும்.

பெரிய குறை வேறு. பொய் சொல்கிறவர் பொய் சொல்வது போலத் தெரியும்படி நடிக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. உண்மை சொல்பவர் நேராகப் பார்ப்பார், பொய் சொல்பவர் பார்வையைத் திருப்புவார் என்ற மேடை வழக்கத்தை விளையாட்டு ஒரு விதியாகவே மாற்றிவிட்டது. நிஜ வாழ்க்கையில் முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிப்பதில் மனிதர்கள் மிகவும் மோசமானவர்கள். பல ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வெளிவந்த தொகுப்பாய்வில் சராசரியாக 54 விழுக்காடுதான் சரியாக வந்தது. காசு சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். ஆகவே முகம் வாசிப்பதில் தேர்ந்துவிட்டோம் என்று நமக்கு ஏற்படும் பெருமிதம் இந்த நடிகர்களின் நடிப்புக்கு மட்டுமே பொருந்தும்.

இதைவிட என்னை உறுத்துவது தடயங்களின் நிலை. நீங்கள் முடித்துவிட்ட 'தி டிரைவர்ஸ் சீட்' வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கைவிடப்பட்ட ஒரு கார், உள்ளே இரத்தம், உரிமையாளரைக் காணவில்லை. காரையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் தேடினால் ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு பணப்பை, இரத்தக் கறை படிந்த ஓர் இரும்புக் குழாய் ஆகியவற்றோடு, உயிருள்ள பன்றி ஒன்றை வாங்கியதற்கான ரசீதும் கிடைக்கிறது. பொருளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம், சரியான கோணத்தில் வந்ததும் காட்சி நெருங்கி வந்து எழுத்தைக் காட்டுகிறது. இந்தச் சின்னச் செயலில் இருக்கும் இன்பம் துப்பறியும் கதை வாசகர் எவருக்கும் உடனே விளங்கும். அந்த ரசீதைப் பார்த்த கணத்திலேயே, இது யாருடைய இரத்தம் என்று கூர்மையான வாசகர் ஐயப்படத் தொடங்கிவிடுவார். ஆனால் அந்த ஐயத்தைச் சொல்ல விளையாட்டில் இடமே இல்லை! நமது குறிப்பேட்டில் எந்தக் கேள்விகள் எழுதப்பட்டிருக்கின்றனவோ அவற்றைத்தான் கேட்க முடியும். வழக்கு தன் வரிசைப்படி நடந்து முடிந்த பிறகுதான் நாம் முதலிலேயே ஊகித்ததை ஃபெல்ப்ஸ் கண்டுபிடிக்கிறார். கண்டுபிடித்தது நாம், பெயர் அவருக்கு. நாம் சிந்தித்தோமா இல்லையா என்பதை அறிந்துகொள்ள விளையாட்டிடம் ஒரு வழியும் இல்லை.

விசாரணைப் பொத்தான்களுக்கு வருகிறேன். 2011 பதிப்பில் உண்மை, ஐயம், பொய் என்ற மூன்று தேர்வுகள் இருந்தன. ஐயத்தைத் தேர்ந்தெடுத்தால் ஃபெல்ப்ஸ் ஒரு கிழவியிடம்கூடக் கத்துவார் என்ற புகார் அப்போதே பரவலாக எழுந்தது. 2017 மறுபதிப்பில், அதாவது உங்கள் கையில் இருப்பதில், அவற்றை நல்ல போலீஸ், கெட்ட போலீஸ், குற்றம்சாட்டு என்று மாற்றினார்கள். பெயர் மாறியதே தவிர அடியில் உள்ள வசனங்கள் மாறவில்லை. குற்றம்சாட்டு என்பதற்குத் தடயம் காட்டியாக வேண்டும். தடயம் இல்லாத சந்தேகத்துக்குத்தான் கெட்ட போலீஸ். உங்களுக்கு உடனே உதவக்கூடிய ஒன்று: குற்றம்சாட்டு என்பதை அழுத்தியதும் எதிரில் இருப்பவர் மறுத்து ஏதாவது சொல்வார். எந்தத் தடயத்தை விளையாட்டு எதிர்பார்க்கிறது என்பதற்கான குறிப்பு பெரும்பாலும் அந்த மறுப்பிலேயே இருக்கும். தடயத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பின்வாங்கவும் வழி உண்டு. அதற்குத் தண்டனை கிடையாது. இரண்டு தடயங்கள் பொருந்துவதுபோல் தோன்றும்போது, மறுப்பில் வரும் சொற்களை எது நேரடியாக முறிக்கிறது என்று பாருங்கள்.

---

கடற்காற்று எழுதியது:

கணேசு அண்ணன் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். "நாம் சிந்தித்தோமா என்பதை அறிய விளையாட்டிடம் வழியில்லை" என்பது புதிர் விளையாட்டுக்கான அளவுகோல். எல்.ஏ. நுவார் தன்னைப் புதிராக முன்வைக்கவில்லை. போரிலிருந்து திரும்பி, பதக்கத்தோடும் மனச்சுமையோடும் காவல்துறையில் சேர்ந்து வேகமாக உயரும் ஒரு மனிதனின் கதையாகத்தான் முன்வைக்கிறது. கேள்விகள் எல்லாவற்றையும் தவறாகக் கேட்டாலும் வழக்கு நின்றுவிடுவதில்லை. சாட்சி வாயை மூடிக்கொள்வார், வேறொரு சுற்றுவழியில் நாம் அடுத்த இடத்துக்குப் போவோம், முடிவில் ஐந்து நட்சத்திரத்துக்குப் பதில் இரண்டு கிடைக்கும். முட்டி மோதி நின்றுவிடாமல் கதை நகர்வதை நான் பலமாகவே கருதுகிறேன். புத்தக வாசகர்கள் நிறைந்த ஒரு வட்டத்துக்கு இது மிகவும் பொருந்தும்.

கொலைப் பிரிவைப் பற்றி, முடிவைச் சொல்லாமல் ஒன்று சொல்கிறேன் பிடோக் அக்கா. அந்தப் பிரிவில் ஒருவரைக் கைது செய்த பிறகும் மனம் நிறைவடையாது. சந்தேகத்துக்குரிய இருவரில் யாரை நிறுத்தினாலும் ஏதோ இடிக்கும். 1947 ஜனவரியில் நிஜமாகவே நடந்து, இன்றுவரை துலங்காத, எலிசபெத் ஷார்ட் என்ற இளம்பெண்ணின் கொலையின் நிழலை அந்த வழக்குகளின் மேல் வேண்டுமென்றே விழ வைத்திருக்கிறார்கள். மேலதிகாரிக்குத் தேவை ஒரு கைது, உண்மை அவருக்கு இரண்டாம்பட்சம் என்பது அங்கேதான் உறைக்கிறது. அந்த இடிப்பு எழுத்தாளர்கள் திட்டமிட்டு வைத்தது. அது எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். தடயங்களைக் கவனமாகத் திரட்டியவருக்கு ஏமாற்றமாகவும் இருக்கலாம்.

எனக்குப் பலவீனமாகத் தெரிவது நகரம். வானிலிருந்து எடுக்கப்பட்ட பழைய புகைப்படங்களையெல்லாம் ஆராய்ந்து, தெருத்தெருவாக எழுப்பிய அந்த நகரத்தில் செய்வதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. வழக்குக்குத் தேவையான நான்கைந்து கதவுகள் திறக்கும், மற்றவை ஓவியம். இடையிடையே வானொலியில் வரும் தெருக்குற்றங்கள் ஓடுவது, சுடுவது, துரத்துவது என்று ஒரே அச்சில் வார்த்தவை. உடன் வரும் கூட்டாளியையே வண்டி ஓட்டச் சொல்லிவிட்டால் பயணத்தைத் தவிர்த்துவிடலாம். நேரமில்லாதவர்கள் அப்படியே செய்யலாம். பிற்பகுதியில், தீவைப்புப் பிரிவுக்கு வரும்போது, கதையின் பொறுப்பு ஃபெல்ப்ஸிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறுகிறது. அதற்கான அடித்தளத்தை முன்பே போதுமான அளவு போடவில்லை என்பது என் கருத்து.

---

தெம்பனீஸ் மாலினி எழுதியது:

ஒப்பிட்டுப் பேச இன்னொரு விளையாட்டு தேவைப்படும் என்றால், லூகாஸ் போப் ஏறக்குறையத் தனி ஒருவராக உருவாக்கி 2018இல் வெளியிட்ட ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் என்பதைச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். கணேசு ஐயா எழுப்பிய கேள்விக்கு அது நேரடியான விடை.

1807ஆம் ஆண்டு, காணாமல் போன ஒரு வணிகக் கப்பல் ஆளில்லாமல் கரை திரும்புகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக நாம் ஏறுகிறோம் (பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் சிங்கப்பூரில் கால் பதித்த அதே கம்பெனி என்பதால் நம் வாசகர்களுக்கு அதில் தனி ஈர்ப்பு இருக்கும்). கப்பலில் இருந்த 60 பேரும் யார், ஒவ்வொருவருக்கும் என்ன நேர்ந்தது என்று ஏட்டில் நிரப்ப வேண்டும். ஒரு மாயக் கடிகாரம், இறந்தவரின் கடைசிக் கணத்தை உறைந்த காட்சியாகக் காட்டும். அதற்கு முன் சில நொடிகள் குரல்கள் மட்டும் கேட்கும்.

இங்கே விசாரணையே இல்லை, யாருடைய கண்ணும் விலகுவதில்லை. மாலுமிகள் உறங்கும் தளத்தில் தொங்கும் படுக்கைகளில் எண்கள் இருக்கின்றன. பெயர்ப்பட்டியலிலும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. படுக்கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலில் உள்ள காலணியை வேறொரு காட்சியில் நின்றுகொண்டிருப்பவரின் காலில் பார்க்கிறோம். இதை இணைத்துப் பாருங்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஒலி எழுப்பி அழைப்பதும் இல்லை. யார் எந்த ஊர்க்காரர் என்பதைப் பேச்சின் ஓசையை வைத்தும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கப்பலில் இந்தியர்களும் சீனர்களும் ஐரோப்பாவின் பல நாட்டவரும் இருக்கிறார்கள். காப்பிக் கடையில் பக்கத்து மேசைப் பேச்சைக் கேட்டே அது எந்த மொழி என்று சொல்லிவிடும் நம்மவர்களுக்கு இந்த வேலை இயல்பாக வரும்.

இதன் சிறந்த ஏற்பாடு, விடைகளை மூன்று மூன்றாக மட்டுமே உறுதிப்படுத்துவது. மூன்று பேரின் பெயரும் முடிவும் சரியாக இருந்தால்தான் ஏடு அதை அச்சாக்கும். ஒருவரைக் குருட்டாம்போக்கில் எழுதித் தப்பிக்க முடியாது. எல்.ஏ. நுவாரில் ஒவ்வொரு பதிலுக்கும் உடனுக்குடன் சரி, தவறு என்ற ஒலி வந்துவிடுவதால், அடுத்த கேள்விக்குள் நாம் அந்த ஒலிக்காக விளையாடத் தொடங்கிவிடுகிறோம். ஓப்ரா டின் அந்த ஆசையை அடக்குகிறது.

குறைகளும் உண்டு. இரண்டு பேரை உறுதியாக அறிந்துவிட்டால், மூன்றாவது இடத்தில் பெயர்களை மாற்றி மாற்றி வைத்து ஊகிக்கலாம். கடைசியில் மிஞ்சும் சிலரைப் பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். பார்த்த காட்சியை மீண்டும் பார்க்க, ஏட்டிலிருந்தே நேரே போக முடியாமல், கப்பலில் அந்த உடல் கிடக்கும் இடத்துக்கே நடந்துபோக வேண்டியிருப்பது சலிப்பூட்டும். கறுப்பும் வெள்ளையும் மட்டும் கொண்ட புள்ளிப் படங்கள் சிலர் கண்ணை வலிக்க வைக்கும். ஒரு முறை முடித்துவிட்டால் விடைகள் தெரிந்துவிடுவதால் மறுபடி விளையாட எதுவும் மிஞ்சாது. மனிதர்கள் மேல் நமக்குப் பாசம் ஏற்படும் அளவுக்கு அவர்களோடு நேரமும் கிடைப்பதில்லை. அந்த வகையில் எல்.ஏ. நுவார் ஒருபடி மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

---

பிடோக் வாசகி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மறுப்பில் குறிப்பு இருக்கிறது என்ற செய்தி ஒன்றே எனக்குப் பெரிய உதவி. ஒரு சின்னக் கேள்வி மட்டும்: சந்திப்பில் பெரிய திரையில் போட்டு எல்லோரும் சேர்ந்து விளையாட ஒரே ஒரு வழக்குக்குத்தான் நேரம் இருக்கும். எதை எடுக்கலாம்? உயர்நிலை மூன்றில் படிக்கும் பிள்ளைகளும் வருவார்கள்.

---

யீஷூன் கணேசு எழுதியது:

பிள்ளைகள் வருவதாக இருந்தால் கொலைப் பிரிவை அறவே தவிர்த்துவிடுங்கள். பெண்களின் உடல்கள் ஆடையின்றிக் காட்டப்படுகின்றன. மற்ற வழக்குகளுக்கும், பெட்டியில் உள்ள வயது மதிப்பீட்டை முதலில் பார்த்து, நூலகத்தாரிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. அவர்கள் ஒப்புக்கொண்டால் மேலே நான் குறிப்பிட்ட 'தி டிரைவர்ஸ் சீட்' போதும். பிணம் இல்லை, தடயங்கள் குறைவு, பேச நிறைய இருக்கிறது. தமிழில் வசனவரிகள் இல்லை என்பதால் ஆங்கில வசனவரிகளைப் போட்டுவிட்டு, நீளமான பேச்சு வரும்போது நிறுத்தி ஒருவர் தமிழில் சொல்லலாம்.

தொடங்குவதற்கு முன் அமைப்புகளுக்குப் போய், தடயத்துக்கு அருகில் வரும்போது எழும் ஒலியையும் கண்ட்ரோலரின் அதிர்வையும், தேடுதல் முடிந்ததும் நின்றுபோகும் பின்னணி இசையையும் அணைத்துவிடுங்கள். அவை இருந்தால் எல்லோரும் காதால் தேடுவார்கள். ரசீது கிடைத்ததும் விளையாட்டை நிறுத்தி, என்ன நடந்திருக்கும் என்று ஒவ்வொருவரையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். தாள்களை மடித்து ஒரு பெட்டியில் போட்டுவிட்டு, வழக்கு முடிந்த பிறகு பிரித்துப் படிக்கலாம்.