சானல்கரை வீட்டுக்கு வந்த நோட்டீஸ்

குழு: பாட்டா வீடு

சித்தி: எல்லோருக்கும் வணக்கம். இன்று காலையில் மாநகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து, நம் வீட்டுப் பின்சுவரிலிருந்து அனந்தனாறு பாசனச் சானலுக்குள் இறங்கும் குழாயைப் படம் எடுத்துக்கொண்டு, பதினைந்து நாளுக்குள் அதை அடைத்துவிட வேண்டும் என்று ஒரு நோட்டீசைத் தந்துவிட்டுப் போனார்கள். வீட்டுவரி இன்னும் அப்பா பேரில் இருப்பதால் நோட்டீசும் அப்பா பேருக்கே வந்திருக்கிறது. நான் குடியிருப்பவள் மட்டுமே, பங்குதாரர்கள் நான்கு பேர் என்பதால் இங்கே போடுகிறேன். படம் மேலே.

சின்ன மாமா: மேலே போய்ச் சேர்ந்த மனிதரையும் விட்டுவைக்கவில்லை.

செல்வி அக்கா: நமக்கு மட்டுமா அம்மா?

சித்தி: வரிசை முழுவதற்கும் வந்திருக்கிறது. எதிர்க்கரையில் நாளைக்குக் கொடுப்பார்களாம்.

பெரிய மாமா: நோட்டீசைப் படித்தேன், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தென்படவில்லை. பிப்ரவரி 28-ஆம் தேதி பேச்சிப்பாறை அணையை அடைத்தால் வழக்கமாக ஜூன் 1-ஆம் தேதிதான் திறப்பார்கள். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து கன்னிப்பூ நெல் சாகுபடி தொடங்கும்வரை சானலுக்குப் பாசனத் தண்ணீர் கிடையாது. அப்படியானால் இப்போது நம் வீட்டுப் பின்னால் கறுப்பாகத் தேங்கிக் கிடப்பது எந்த மலையிலிருந்து இறங்கிய தண்ணீர்? அத்தனையும் கரையோரத்து வீடுகளும் கடைகளும் விட்ட தண்ணீர். ஒவ்வொரு கோடையிலும் இயந்திரம் வைத்துத் தூர்வாரி, ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் போட்டால், ஜூன் மாதத்தில் தண்ணீர் வரும்போது சானல் பார்க்க அழகாகத்தான் இருக்கும்; குழாய்கள் இருந்த இடத்திலேயே இருப்பதால் அடுத்த கோடையில் அதே கசடு அதே இடத்தில் சேர்ந்துவிடும். சானல் நீர்வளத்துறையைச் சேர்ந்தது, கரையில் சேரும் குப்பையும் சாக்கடையும் மாநகராட்சியின் பொறுப்பு, குழாய் வீட்டுக்காரனுடையது. இந்த மூவரில் குழாய்க்காரன் அசையாதவரை மற்ற இருவர் செய்யும் எந்த வேலையும் ஒரு கோடைக்கு மேல் நிற்காது.

மாமி: உங்கள் மாமாவுக்கு மூச்சு வாங்குகிறது. தண்ணீர் கொடுத்துவிட்டு வருகிறேன்.

சின்ன மாமா: 2019-இல் நாகர்கோவில் மாநகராட்சி ஆனபோது வரி கூடும் என்று மட்டுமே பயந்தேன். இப்போது குழாயையும் எண்ணத் தொடங்கிவிட்டார்களா?

செல்வி அக்கா: எண்ணட்டும் மாமா. மே மாதம் பிள்ளையின் காதுகுத்து அந்த வீட்டு முற்றத்தில்தான் என்று முடிவு செய்திருக்கிறோம். போன வாரம் வந்தபோது பின்கதவைத் திறக்கவே முடியவில்லை.

முருகன் அத்தான் (சிங்கப்பூர்): அப்பா சொல்வது சரி. இங்கே சிங்கப்பூர் ஆறும் ஒரு காலத்தில் இப்படித்தான் கிடந்தது. 1977-இல் அன்றைய பிரதமர் லீ குவான் யூ, பத்து ஆண்டுகளில் இதில் மீன் பிடிக்கும்படி செய்ய வேண்டும் என்று இலக்கு வைத்தார். அவர்கள் ஆற்றுக்குள் இறங்குவதோடு நின்றுவிடவில்லை. ஆற்றுக்கு அழுக்கு எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பார்த்து, பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, தெருவோரச் சாப்பாட்டுக் கடை, கழிவறை இல்லாத குடிசை என்று ஒவ்வொன்றையும் மூடியோ மாற்று இடம் கொடுத்தோ அகற்றினார்கள். சரக்குப் படகுகளைக்கூட 1983-இல் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். அடியில் கிடந்த சேற்றையும் அள்ளி, 1987-இல் சொன்னபடி முடித்தார்கள். பிறகு 2008-இல் முகத்துவாரத்தில் மரினா அணை கட்டி, அதையே குடிதண்ணீர்த் தேக்கமாகவும் ஆக்கிவிட்டார்கள்.

சின்ன மாமா: சிங்கப்பூர் வந்துவிட்டது. அரை மணி நேரம் தாமதம்.

செல்வி அக்கா: 😄

சின்ன மாமா: மருந்துக்குக்கூடச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே முருகா. அங்கே அரசாங்கம் மாற்று வீடு கொடுத்தது, கடைக்காரனுக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தது. இங்கே ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். கூவத்தைச் சுத்தப்படுத்தப் போகிறோம் என்ற பேச்சை நான் பள்ளிக்கூடம் போன நாள்முதல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முருகன் அத்தான் (சிங்கப்பூர்): பணத்துக்கு நான் எப்போது இல்லை என்றேன் சித்தப்பா?

நான்: சித்தி, அந்தக் குழாயில் குளியலறைத் தண்ணீர் மட்டும்தான் போகிறதா, அல்லது செப்டிக் டேங்கிலிருந்து வழிவதும் போகிறதா? எது என்று தெரிந்தால்தான் என்ன செய்வது என்று பேச முடியும்.

சித்தி: இரண்டும் போகிறது. அடுக்களைத் தண்ணீரும் அதில்தான். டேங்கை அப்பா இருந்தபோது ஒருமுறை திறந்தது எனக்கு நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு யாரும் தொட்டதில்லை. மேல்மாடிக்குக் குடித்தனக்காரர்கள் வந்தபிறகு மழைக்காலத்தில் மூடியோரமாகக் கசிகிறது.

சின்ன மாமா: மேல்மாடிக் குளியலறை கட்டிய ஆண்டில்தானே அந்தப் பெரிய பிவிசி குழாயும் வந்தது. யார் நின்று கட்டினார்கள், வாடகை யார் கைக்குப் போகிறது என்பதெல்லாம் இந்தக் குழுவில் உள்ளவர்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல.

பெரிய மாமா: வாடகையில்தான் வீட்டுவரி, மின்கட்டணம், ஓடு மாற்றிய செலவு எல்லாம் போகிறது. கணக்கு நோட்டு என் மேசையில் இருக்கிறது, எவரும் வந்து பார்க்கலாம்.

மாமி: இந்தப் பேச்சு இன்றைக்கு வேண்டாம்.

பெரிய மாமா: நோட்டீசுக்கு வருவோம். செப்டிக் டேங்கில் கசடுதான் அடியில் தங்கும். வெளியே வழிவது பார்க்கத் தெளிவாக இருந்தாலும் சுத்தமான தண்ணீர் அல்ல. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து எவ்வளவு உயிர்வளியை உறிஞ்சுகின்றன என்று அளப்பார்கள். இறங்கிக் குளிக்கத்தக்க ஆற்றுநீரில் அந்த அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். சுத்திகரிக்காத சாக்கடையில் அது 200-ஐ ஒட்டியே நிற்கும். டேங்கைப் பல ஆண்டு அள்ளாமல் விட்டால் கசடு நிறைந்து, உள்ளே வந்தது வந்தபடியே வெளியேறும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அள்ள வேண்டியது அதனால்தான்.

செல்வி அக்கா: அந்தப் படித்துறையில்தானே பாட்டி எங்களைக் குளிப்பாட்டுவாள். இப்போது ஆடி அமாவாசைக்குப் பாட்டாவுக்குப் பலி போடக்கூடக் குழித்துறைக்கு வருகிறீர்கள்.

சித்தி: எங்கே குளிப்பாட்டினாள், நீதான் இறங்கவே மாட்டேன் என்று அழுவாய்.

சின்ன மாமா: சரி, குழாயை அடைத்தால் தண்ணீர் எங்கே போகும்? கிணற்றுக்குள்ளா?

பெரிய மாமா: முதலில் லாரியை வரவழைத்து டேங்கைக் காலி செய்ய வேண்டும். ஆளை உள்ளே இறக்கக் கூடாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அப்படி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது, லாரிக்காரர் “ஒரு நிமிடம்தான்” என்று சொன்னாலும் சம்மதிக்காதே. லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்றும் கேட்டு வை. நம் கசடை இரவோடு இரவாக வேறொரு ஓடையில் கொட்டிவிட்டுப் போனால் அதுவும் பழையாற்றில் சேர்ந்து, சுசீந்திரத்தைக் கடந்து மணக்குடிக் காயலுக்குத்தான் போகும். அடுத்தது, டேங்கிலிருந்து வழிவதற்கு ஓர் உறிஞ்சுகுழி. சிமெண்ட் உறை இறக்கி, சுற்றிலும் ஜல்லி போட்டால் போதும். கிணற்றிலிருந்து ஐம்பது அறுபது அடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

சித்தி: அவ்வளவு தள்ளிப் போனால் வடக்கு மூலையில், சக்கை (பலா) மரத்தடியில்தான் இடம் இருக்கிறது அண்ணன்.

சின்ன மாமா: அந்த மூலை எனக்கு என்று அப்பா வாயால் சொன்னது.

மாமி: 🙏

சின்ன மாமா: உங்கள் மேல்மாடித் தண்ணீர் உறிஞ்சுவதற்கு என் பங்கில் குழி தோண்டுவது எந்த ஊர் நியாயம்?

பெரிய மாமா: பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதாதவரை அது யார் பங்கும் இல்லை.

நான்: மாமா, பாதாளச் சாக்கடை இணைப்பு நம் தெருவுக்கு வந்துவிட்டால் உறிஞ்சுகுழியே தேவைப்படாதே. அது எப்போது வரும் என்று யாராவது கேட்டீர்களா?

சித்தி: வந்தவர்களிடம் கேட்டேன். “வரும் அம்மா” என்றார்கள்.

சின்ன மாமா: அப்படியானால் காத்திருப்போம். வீணாக எதற்குக் குழி?

பெரிய மாமா: பதினைந்து நாள் என்று எழுதியிருக்கிறது. இணைப்பு வரும்வரை கழிப்பறைக்குப் போகாமல் இருப்பதாக நீ எழுதிக் கொடுத்தால் நானும் காத்திருக்கிறேன்.

செல்வி அக்கா: 😂😂 பெரிய மாமா!

முருகன் அத்தான் (சிங்கப்பூர்): லாரிச் செலவையும் குழிச் செலவையும் இப்போதைக்கு நான் அனுப்புகிறேன். பங்கு பிறகு பார்க்கலாம்.

சின்ன மாமா: நீ அனுப்பினால் நாளைக்கு “குழி தோண்டியது நாங்கள், மூலையும் எங்களுக்கு” என்பார்கள். நான்காகப் பிரித்தால் என் பங்கை நான் தருகிறேன். மேல்மாடி வாடகையிலிருந்து முதலில் கழிக்க வேண்டும் என்பது என் கருத்து.

செல்வி அக்கா: என் பங்கு என்று ஒன்றும் கிடையாது, ஆனாலும் சொல்கிறேன். அடுக்களைத் தண்ணீரைத் தனியாகப் பிரித்து வாழைக்கு விட்டால் குழிக்குப் பாதி சுமை குறையும். மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறோம். எண்ணெய்ப் பிசுக்கு தேங்க நடுவில் ஒரு சிறு தொட்டி மட்டும் கட்ட வேண்டும், அதை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும்.

சித்தி: யார் கழுவுவது?

செல்வி அக்கா: குடித்தனக்காரர்களிடம் சொல்லுங்கள்.

சித்தி: அவர்கள் நோட்டீசைப் பார்த்ததிலிருந்து வாடகையைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

சின்ன மாமா: இது தேவைதான்.

சித்தி: அண்ணன்மார் இருவரும் ஒரு முடிவு சொல்லுங்கள். வியாழக்கிழமைக்கு லாரி சொல்லிவிடட்டுமா? பக்கத்து வீட்டுக்காரரும் அன்றைக்குத்தான் வரவழைக்கிறார், சேர்த்துச் சொன்னால் கொஞ்சம் குறையும்.

பெரிய மாமா: லாரியைச் சொல்லிவிடு. அதில் பேச்சு இல்லை.

சின்ன மாமா: லாரிக்குச் சரி. குழியை நான் பார்க்காமல் ஒரு மண்வெட்டியும் விழக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கோட்டாற்றிலிருந்து வருகிறேன். கொத்தனாரையும் அளவு நாடாவோடு அழைத்து வருகிறேன். குழிக்கு அளக்கும்போதே வடக்கு மதிலையும் சேர்த்து அளந்துவிடலாம்.

பெரிய மாமா: குழியை மட்டும் அளந்தால் போதும்.