குழலும் குரலும் ஒரே மூச்சில்: 'மிடற்றூதல்' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஜாஸ் புல்லாங்குழல் பற்றிக் கட்டுரை எழுதும் நண்பர் ஒருவர் இந்த இழையில் ஒரு தமிழ்ச்சொல் கேட்டிருந்தார், அது இன்னும் முடிவாகவில்லை. குழலை ஊதும்போதே அதே மூச்சில் தொண்டையிலிருந்து குரலும் எழுப்புகிறார்களே, அதற்கான பெயர். ஆங்கிலத்தில் சிலர் ஹம்மிங் என்கிறார்கள், சிலர் வோக்கலைசிங் என்கிறார்கள். இங்கே இதுவரை வந்தவை நான்கு: பாடியூதல், குரலூதல், குரலிழைப்பு, ஒத்தூதல். ஐந்தாவதாக நான் 'மிடற்றூதல்' என்பதை வைக்கிறேன். அதற்கு முன், இந்த ஒலி ஜாஸுக்கு ஏன் தேவைப்பட்டது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். அது தெரியாமல் சொல்லை எடைபோட முடியாது.

ஜாஸில் குழல் நெடுநாள் ஓரமாகத்தான் இருந்தது. கியூபாவில் பிறந்த அல்பெர்டோ சொக்கராஸ் 1920களின் கடைசியிலேயே நியூயார்க்கில் குழல் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். 1930களில் சிக் வெப்பின் ஜாஸ் குழுவில் வேமன் கார்வர் ஊதினார். ஆனால் டிரம்பெட், டிராம்போன் போன்ற பித்தளைக் கருவிகள் முழங்கும் மேடையில் குழலின் கீழ்ச்சுரங்கள் காதில் விழாது. மைக் நன்கு பழக்கத்துக்கு வந்து, 1953இல் குழலும் வாசித்த ஃபிராங்க் வெஸ் கவுன்ட் பேசியின் ஜாஸ் குழுவில் சேர்ந்து, 1950களில்தான் குழலுக்கு இடம் கிடைத்தது. அப்போது ஊதியவர்களில் பெரும்பாலோர் அடிப்படையில் சாக்ஸபோன்காரர்கள். சாக்ஸபோனில் கரகரப்பு, உறுமல், தழுதழுப்பு எல்லாம் வரும். ஜாஸின் வேர்களில் ஒன்றான ப்ளூஸ் இசை அதைக் கேட்கும். குழலின் ஒலியோ வழவழப்பானது. அதில் பிசிறு வேண்டுமென்றால் தொண்டையைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும்.

இதை ஜாஸில் முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் சாம் மோஸ்ட். யூசஃப் லதீஃபும் செய்தார். ஆனால் முழு உருவம் கொடுத்தவர் ரஹ்சான் ரோலண்ட் கர்க். குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவர், மூன்று சாக்ஸபோன்களை ஒரே நேரத்தில் வாயில் வைத்து வாசித்தவர். 1964இல் அவர் பதிவு செய்த 'ஐ டாக் வித் தி ஸ்பிரிட்ஸ்' ஆல்பத்தில் சாக்ஸபோனைத் தொடவே இல்லை, குழல்தான். தயவுசெய்து அதைக் கேட்டுவிட்டு இந்த இழையில் எழுதுங்கள். குரல் சில இடங்களில் குழலின் சுரத்தையே பிடித்துக்கொண்டு கூடவே போகிறது. சில இடங்களில் விலகி முனகுகிறது, உறுமுகிறது, பேச்சுப் போலவே ஆகிவிடுகிறது. அந்த ஆல்பத்திலுள்ள 'செரனேட் டு எ குக்கூ'வைத்தான் இங்கிலாந்தின் ஜெத்ரோ டல் குழு 1968இல் தன் முதல் ஆல்பத்தில் எடுத்து வாசித்தது. ராக் ரசிகர்கள் பலருக்கு இந்த ஒலி அறிமுகமானது அந்தக் குழுவின் இயன் ஆண்டர்சன் வழியாக.

கட்டுரை எழுதும் நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: சாக்ஸபோனோடு குழலும் வாசித்த எரிக் டால்ஃபியை இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். 1964 ஜூன் 2 அன்று நெதர்லாந்தின் ஹில்வர்சமில் அவர் வாசித்த 'யூ டோன்ட் நோ வாட் லவ் இஸ்' பதிவில் அவர் ஊதுவது குழலின் ஒலி மட்டும், குரல் சேரவில்லை. நான்கு வாரத்துக்குள், 36 வயதில், பெர்லினில் இறந்துபோனார். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அது தாங்க முடியாததாகவே இருக்கிறது. ஜூலியார்ட் இசைக்கல்லூரியில் படித்த குழல் கலைஞர் ஹூபர்ட் லாஸையும் தனியாகவே வையுங்கள். அவருடைய அழகு அந்தத் தெளிவில்தான்.

சரி, ஒலி எப்படி உண்டாகிறது? இரண்டு சுரங்கள் அருகருகே கேட்பதோடு இது நிற்பதில்லை. குரல்நாண்கள் அதிர, அந்த அதிர்வு ஏறிய காற்றுத்தான் உதட்டைத் தாண்டிக் குழலின் விளிம்பில் மோதுகிறது. அதனால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து புதிய ஒலிகளையும் பிறப்பிக்கின்றன. குரலில் ஸ பிடித்துக் குழலில் ப ஊதிப் பாருங்கள். அடியில் மூன்றாவதாக ஒரு கீழ் ஸ முனகும். குரல் 262 ஹெர்ட்ஸ், குழல் 392 என்றால் இரண்டின் வித்தியாசமான 130தான் அந்த மூன்றாவது ஒலி. குரலின் ஸவுக்கு ஏறக்குறைய சரியாக ஒரு ஸ்தாயி கீழே. சுருதி சற்றுப் பிசகினால் அதுவே கரகரப்பாகிறது. ஆக, இது பாட்டும் குழலும் சேர்ந்த கச்சேரி அல்ல. ஊதும் முறையே மாறுகிறது. சொல் இதைக் காட்ட வேண்டும்.

இனி வந்த சொற்கள். 'பாடியூதல்' உடனே புரிகிறது, உண்மைதான். ஆனால் 'பாடி ஊதினார்' என்றால் முதலில் பாடினார், அப்புறம் ஊதினார் என்றுதான் தமிழ்க்காது கேட்கும். 'குளித்துச் சாப்பிட்டார்' என்பது போல. ஒரே நேரம் என்பது போய்விடுகிறது. தவிர, கர்க்கின் உறுமலைப் பாட்டு என்று எப்படிச் சொல்வது? 'குரலூதல்' எனக்கும் முதலில் பிடித்தது. சிக்கல் என்னவென்றால், குரல், துத்தம், கைக்கிளை என்று தொடங்கும் நம் பழைய ஏழு சுரங்களில் குரல் முதல் சுரத்தின் பெயர். இசைக் கட்டுரையில் 'குரல் ஊதினார்' என்று வந்தால், விவரம் தெரிந்தவர் அந்த ஒரு சுரத்தை ஊதியதாக எடுத்துக்கொள்வார்.

'ஒத்தூதல்' நாகஸ்வரத்துக்குத் துணையாக ஒரே சுரத்தை விடாமல் ஊதும் ஒத்திலிருந்து வந்திருக்கிறது. குரல் ஒரே சுரத்தில் நின்று குழல் மேலே உலாவும் இடங்களுக்கு அருமையாகப் பொருந்தும். ஆனாலும் வேண்டாம். 'லதீஃப் ஒத்தூதினார்' என்று எழுதினால் அவர் யாருக்கோ ஜால்ரா போட்டதாக அர்த்தமாகிவிடும். இவ்வளவு பெரிய கலைஞருக்கு அது கூடாது.

'குரலிழைப்பு' அழகான சொல். சுருதியோடு இழைந்து பாடினார் என்று நாமே எழுதுகிறோம். குரலும் குழலும் ஒரே சுரத்தில் போகும்போது இதைவிட நல்ல சொல் கிடையாது. அந்த ஒரு வகைக்கு இதையே வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக வைத்தால் உறுமலும் சீறலும் வெளியே நின்றுவிடும்.

மிடறு என்றால் தொண்டை. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி என்று பிரித்த நம் முன்னோர் மனிதக் குரலை மிடற்றுக்கருவி என்றார்கள். இங்கே ஒரு துளைக்கருவியும் மிடற்றுக்கருவியும் ஒரே மூச்சில் இயங்குகின்றன. பாட்டு, முனகல், உறுமல் எதுவானாலும் பிறப்பது மிடற்றில் என்பதால் எல்லாமே உள்ளே வந்துவிடும். ஆறு ஆற்றூர் ஆவது போல மிடறு மிடற்றூதல் ஆகிறது, புணர்ச்சியிலும் குறையில்லை.

'இன்று மிடறு என்றால் ஒரு மிடறு தண்ணீர்தானே' என்று கேட்பீர்கள். தொண்டையில் ஒருமுறை இறங்கும் அளவு என்பதால்தானே அந்தப் பொருளே வந்தது? நீலமிடற்றன் என்றால் சிவன் என்பது கோயிலுக்குப் போகிற எத்தனையோ பேருக்குத் தெரியும்.

'ஏன் மிடற்றுக்குழல் என்று வைக்கக் கூடாது' என்பதற்கும் பதில் உண்டு. இந்த முறை குழலோடு முடியவில்லை. ஜெர்மனியின் ஆல்பர்ட் மாங்கல்ஸ்டார்ஃப் டிராம்போனில் குரல் சேர்த்து, ஒற்றைச்சுரக் கருவியிலிருந்து பல சுரங்களை அடுக்காக எழுப்பினார். 'ஊதல்' என்று இருந்தால் அவருக்கும் பொருந்தும்.

ஒரு குறை இருக்கிறது, மறைக்கவில்லை: 'மிடற்றூதினார்' என்று வினையாக்கினால் நாக்கு தடுக்குகிறது. சுருதி கூட்டி என்பது போல 'மிடறு கூட்டி ஊதினார்' என்று எழுதிப் பார்த்தேன், ஓடுகிறது. கட்டுரையில் இப்படி வரலாம்: 'கர்க் மிடறு கூட்டி ஊதும்போது, குரலிழைப்பில் தொடங்கி உறுமலில் முடிப்பார், மிடற்றூதலை இவ்வளவு தூரம் கொண்டுபோனவர்கள் குறைவு.'

மறுப்பவர்கள் உங்கள் சொல்லை இதே வாக்கியத்தில் பொருத்தி அனுப்புங்கள். முக்கியமாக, வினை வடிவத்துக்கு இதைவிட லேசான வழி யாருக்காவது தோன்றினால் அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்.